ஈவாவின் ஸ்டுடியோ

ஃபேஷன் புகைப்படம் பற்றி ஆய்வேடு எழுத விரும்பிய மாணவி, ஹெல்முட் நியூட்டனின் படங்களோடு வந்தாள். இவர் யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெயரைக் கொண்டுவந்தாள்: ஈவா.

எல்ஸ நொய்லேண்டர் என்ற யூதப் பெண்ணின் தொழிற்பெயர் அது. 1925இல் பெர்லினில் சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கியபோது அவருக்கு வயது 25. ஒரே படத்தில் பல பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பதில் தேர்ந்தவர். பட்டுக் காலுறை விளம்பரங்களுக்கு அவர் எடுத்த கால்களைப் பார்த்தபோது, நியூட்டனின் பெண்கள் எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்று புரிந்ததுபோல் இருந்தது. (மாணவி இதை ஏற்கவில்லை.)

நியூட்டன் 1936இல், 16 வயதில், அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். 1938இல் நாஜி அரசு ஈவாவின் தொழிலை முடக்கியது. அவ்வாண்டின் இறுதியில் நியூட்டன் ஜெர்மனியைவிட்டு வெளியேறினார். ஈவா பெர்லினிலேயே, யூத மருத்துவமனையில் எக்ஸ்ரே உதவியாளராக வேலைபார்த்தார். துணியின் மடிப்பையும் தோலின் மினுக்கத்தையும் படமெடுத்தவருக்கு எலும்புகள் மிஞ்சின. 1942 ஜூனில் அவரையும் கணவரையும் கைதுசெய்து, ஆக்கிரமிக்கப்பட்ட போலந்திலிருந்த முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இன்றும் அவரைப் பெரும்பாலும் ‘நியூட்டனின் ஆசிரியை’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.