வேலூர்க் கோட்டையில் சிதைந்த நம்பிக்கை

மைசூர் விஜயநகரில் வாழும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் சீரங்கப்பட்டணம். திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தைக் காட்டி, 1799 மே 4 என்னும் நாளையும் சொல்லித் திரும்பிவிடுகிறோம். அவர்தம் மைந்தர்கள் நம் தமிழகத்து வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டதையும், ஏழாண்டுகளுக்குப்பின் அங்கு நிகழ்ந்ததையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போர் நம்மில் சிலரே.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைப் பிறப்பித்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது. அணிவகுப்பில் காதணி கூடாது. தாடி மழிக்கப்பட வேண்டும். இவற்றுடன், ஐரோப்பியர் தொப்பியை ஒத்த, தோல் பதித்த புதிய தலைப்பாகையும் வந்தது. 1806 மே மாதத்தில் அதனை அணிய மறுத்த வேலூர்ச் சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் பணியிழந்தனர்.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி உருவாகிறதென்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் தெரிவித்தான். உண்மையை ஆராயும் பொறுப்போ இந்திய அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவனைப் பித்தனென்று கூற, அவன் சிறையிலிடப்பட்டான். புகார் எவரைப்பற்றியதோ அவருடைய குறிப்புரைக்கே கோப்பு திரும்பிச் செல்வது அலுவலகங்களில் பழகிய நமக்குப் புதிதன்று.

ஜூலை 10, விடியுமுன் துப்பாக்கிகள் முழங்கின. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் மாண்டார். 69ஆம் படைப்பிரிவின் வெள்ளை வீரர்கள் படுத்திருந்த பாசறையிலேயே சுடப்பட்டனர். மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. வேலூர்ப் புரட்சியை விடுதலைப் போரின் முதற்குரலெனப் போற்றும் நாம், இதனை மறைத்துப் பேசுதல் தகாது. கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆயின் வென்றோரிற் பலர் கொள்ளையில் இறங்கினர். வெளிவாயில்களை அடைக்க எவரும் முனையவில்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்த கர்னல் கில்லஸ்பியைக் கயிற்றால் மதில்மேல் தூக்கினர். உள்வாயில் பீரங்கியால் தகர்ந்தது. முற்பகலுக்குள் கோட்டை மீட்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் விசாரணை செய்து, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர்.

கிளர்ந்தெழுந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்க்கப்பட்டது. பித்தனெனப்பட்ட முஸ்தபா பேக்குக்கு 2,000 வராகனும் சுபேதார் ஓய்வூதியமும் கிடைத்தன.

இவையெல்லாம் ஆணையால் முடிந்த காரியங்கள். அச்சம் அவ்வாறு முடியவில்லை. 1806 அக்டோபரில், நந்திதுர்க்கத்தில் சிப்பாய்கள் எழப்போகின்றனர் என்ற செய்தி பரவியதும், பெங்களூரிலிருந்து குதிரைப்படை விரைந்தது. நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ், ஐயத்தின்பேரில் மட்டுமே, தம் படையின் முஸ்லிம் சிப்பாய்களை ஆயுதம் பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். நேற்றுவரை அவருடன் அணிவகுத்தவர்கள் அவர்கள். இச்செயலுக்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட வெல்ஷ், குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.