பூனைக்கீறல் நோய்

தெருப்பூனைகளின் இரத்தத்தில் மாதக்கணக்கில் வாசஞ்செய்தும் அவற்றுக்குப் பெரும்பாலும் யாதொரு உபாதையும் விளைவிக்காத பார்டோனெல்லா ஹென்செலே என்னும் பாக்டீரியா, தெள்ளுப்பூச்சியின் எச்சத்தோடு நகங்களில் படிந்து, கீறலின் வழியே மனித சரீரத்துள் புகுவதால் உண்டாகும் வியாதி இது. பிரெஞ்சு வைத்தியர் ரொபேர் தெப்ரே 1950இல் இதனை விவரித்தார். காரணமான கிருமி தெளிவானது 1990களிலேதான்.

கீறிய இடத்தில் சிறு கொப்புளமும், ஓரிரு வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டுதலும், சிலருக்கு ஜுரமும் தோன்றித் தாமே தணியும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்க்கோ பிராணாபாயமாகவும் முடியலாம். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில், பூனைகளோடு விளையாடும் குழந்தையின் நெறிக்கட்டியைக் க்ஷயரோகத்தால் வந்ததென்று நிச்சயிக்குமுன், பூனை கீறியதுண்டா என்று வினவுவது மிக அவசியம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. பூனைக்குப் பூனை பரவுவது தெள்ளினாலேயே.