மூச்சை அளந்த கதை

இலண்டனில் ரணசிகிச்சை வைத்தியராக விளங்கிய ஜான் ஹட்சின்சன், நீர்த்தொட்டியிலே கவிழ்த்து, எடைக்கற்களால் சமன்செய்து தொங்கவிட்ட பாத்திரமொன்றினுள் மனிதரை இயன்றமட்டும் ஊதச்செய்து, அது எழும்பிய உயரத்தைக் கொண்டு சுவாசத்தின் அளவைக் கணித்து, 1846-இல் அம்முடிவுகளை வெளியிட்டார். மாலுமி, போலீஸ்காரர், குத்துச்சண்டைக்காரர், பரம ஏழை, கனவான் என 2,000 பேருக்கு மேல் ஊதவைத்த அவருக்கு, ஐந்தடிக்கும் ஆறடிக்கும் இடைப்பட்டோரிடம் உயரம் ஓர் அங்குலம் கூடுந்தோறும் மூச்சு 8 கன அங்குலம் கூடுகிறதென்ற நியதி புலப்பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்வீரரின் அளவுகளை 1869-இல் நூலாக்கிய பெஞ்சமின் கூல்ட், கறுப்பினத்தாரின் சுவாசம் குறைவென்று காட்டவே, அவர்தம் வாழ்க்கை நிலையைக் கருதாது அதனை ஜன்ம சுபாவமென்றே பலரும் கொண்டனர். விஞ்ஞானத்துக்கு இது பெருமை தருவதன்று.

பாலகரின் கணக்கோ இன்னும் சிக்கலானது. பருவமெய்தும் வயதில் உயரம் முந்திக்கொள்ள, சுவாசகோசம் பிந்தியே விரிவதால், பெரியோருக்கு வகுத்த சூத்திரம் அவர்களுக்குப் பொருந்தாது. 3 வயது முதல் 95 வயது வரை அறுபடாத தொடராக அமைந்து 2012-இல் வெளியான சர்வதேச அளவைகள் அக்குறையைப் பெரிதும் நீக்கின. எனினும் அவையும் இனவாரியாகவே பிரிந்திருந்தன, இந்தியத் துணைக்கண்டத்துப் பிள்ளைகளுக்கோ அவற்றில் தனிப்பிரிவே இல்லை. இனப்பிரிவை அகற்றிய சமன்பாடுகள் 2022-இல்தான் வந்தன.