ஐந்தாவது கியர்!

பெயரிலேயே வண்டியை வைத்திருக்கும் ஊர் நம்ம வண்டியூர். தெப்பக்குளக் கரையோரம் சாயங்காலம் நடக்கும்போது எப்போதாவது ஒரு பழைய கான்டெஸா கடந்துபோனால் கவனியுங்கள். நீண்ட மூக்கு, அகன்ற முதுகு, பஞ்சுமெத்தை நடை! உங்கள் பக்கத்தில் நடப்பவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றால் நின்று திரும்பிப் பார்ப்பார். 'அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா சார்?' என்று ஒரு பெருமூச்சு வேறு!

பெருமூச்சு இருக்கட்டும். அந்தக் காரின் அடிவயிற்றில் இருக்கும் கியர்பாக்ஸ், அது பிறந்தபோதே கூடப் பிறந்ததுதானா என்று கேட்டுப் பாருங்கள். சுவாரஸ்யமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போய்வருவோம். 1964-இல் பான்டியாக் கம்பெனி 'ஜி.டி.ஓ.' என்றொரு காரை இறக்கியது. நடுத்தர சைஸ் காருக்குள் 6.4 லிட்டர் இன்ஜின். நம்மூரில் ஒரு பஸ்ஸையே இழுக்கப் போதுமான அளவு! 'மசில் கார்' என்கிற பயில்வான் பரம்பரை இப்படித்தான் பிரபலமானது. அங்கே பெட்ரோல் அப்போது தண்ணீர் பட்ட பாடு. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடியதும் பயில்வான்கள் சுருண்டு படுத்தார்கள். இப்போது அந்தக் கார்களைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்கள் பலர், பெயின்ட், சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் அச்சு அசலாக வைத்துக்கொண்டு, கீழே மட்டும் பழைய நாலு கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டுப் புது ஐந்து கியர் பாக்ஸ் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கென்றே கியர்பாக்ஸ் செய்து விற்கும் கம்பெனிகளும் உண்டு.

ஏன் இந்த வேலை? பழைய பாக்ஸில் நாலாவது கியர்தான் டாப். அதில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் ஒரு சுற்று. ஐந்தாவது கியரில் அதே தண்டு ஒன்றேகால் சுற்று மாதிரி சுற்றும். அதாவது, அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாக உழைத்தால் போதும். சத்தம் அடங்கும், சூடு குறையும், பெட்ரோலும் மிச்சம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

1957-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அம்பாஸடர் என்ற பெயரில் கொல்கத்தா அருகே உத்தர்பாராவிலிருந்து விற்க ஆரம்பித்தது. கியர் தரையில் கிடையாது, ஸ்டீயரிங் தண்டில்! அதனால் முன் சீட்டு ஒரே பெஞ்சு. டிரைவரைக் கதவோடு ஒட்ட வைத்துவிட்டு மூன்று பேர், நெருக்கினால் மடியில் ஒரு குழந்தை. முதல் கியருக்கு 'சிங்க்ரோமெஷ்' இல்லை. வண்டி ஓடும்போது முதல் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதிக்கிற வித்தை தெரியணும். இல்லாவிட்டால் 'கர்ர்ர்' என்று பாக்ஸ் திட்டும், பின் சீட்டு முதலாளியும் திட்டுவார்! லிங்க் கம்பிகளின் புஷ் தேய்ந்துவிட்டால் நடுரோட்டில் கியர் சிக்கிக்கொள்ளும். டிரைவர் சாவகாசமாக இறங்கி, பானெட்டைத் தூக்கி, கம்பியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு வந்து உட்காருவார். ஃபியட்டிலும் இதே திருவிழா உண்டு.

இதையா பொற்காலம் என்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறதா? பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கணக்குப் பக்கம்தான் கண் போகும். காசு இருந்தாலும் அன்றைக்குக் கார் கிடைக்காது. பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். ஒரு கட்டத்தில் காரின் விலையையே அரசாங்கம் 1969-இல் உத்தரவு போட்டு நிர்ணயித்தது! கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1971-இல் தீர்ப்பு வந்தது. வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது விற்கிறவன் எதற்குக் கியர்பாக்ஸை மாற்றுவான்? நாம் ஏங்குகிற அந்தக் 'கம்பீர'த்துக்குப் பின்னால் இந்த வரிசையும் நிற்கிறது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அடுத்த வருஷமே கான்டெஸா. இங்கிலாந்து வாக்ஸால் கம்பெனி எழுபதுகளில் செய்து முடித்துவிட்ட காரின் உடம்பு. பார்வைக்கு அசல் அமெரிக்கப் பயில்வான். உள்ளே? அதே அம்பாஸடரின் 1489 சி.சி. இன்ஜின், ஐம்பது குதிரைச் சக்தி! யானைக்கு ஆட்டுக்குட்டியின் இதயம். பிறகு ஜப்பானின் இசுசு கம்பெனியோடு கைகோத்து, 1817 சி.சி. இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்த பிறகுதான் கான்டெஸா, கான்டெஸாவாக ஆனது. 'இந்தியாவின் மசில் கார்' என்று இன்று கொண்டாடுகிறார்களே, அது இந்த இரண்டாம் பிறவியைத்தான். தொண்ணூறுகளில் அதே இன்ஜினும் பாக்ஸும் அம்பாஸடருக்குள்ளும் போயின. கியர் தரைக்கு இறங்கியது. முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்தவர் பின்னுக்குப் போனார்!

இந்த இசுசு பாக்ஸைத்தான் பழைய அம்பாஸடர்காரர்களும் தேடுகிறார்கள். மாட்டுவது லேசு இல்லை. பெல் ஹவுசிங் பொருந்தணும், கிளட்ச் தட்டின் பல் பொருந்தணும், பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும். பின்னால் போகும் தண்டை வெட்டி ஒட்டி, அதிராமல் சுற்றும்படி பேலன்ஸ் செய்யணும், தரைத் தகட்டில் லீவருக்கு ஓட்டை போடணும். நல்ல பட்டறைக்காரர் கையில் கொடுத்தால்தான் தேறும். மதுரைக்கு இந்த மாற்று வித்தை புதுசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டக் கலன் செய்து கொடுத்தது இங்கே வளர்ந்த டி.வி.எஸ்.தான்!

கான்டெஸா 2002-இல் நின்றது. அம்பாஸடர் 2014 மே மாதம் நின்றது. வெறும் பெயரை மட்டும் 2017-இல் பிரான்ஸின் பெஜோ கம்பெனி வாங்கியது. விலை 80 கோடி ரூபாய்! ஆகவே உதிரிபாகம் என்றால் இனி பழைய இரும்புக் கடைதான் கதி.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசு தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். நிபந்தனை, வண்டி அசல் உருவில் இருக்கணும். சேசிஸிலோ, பாடியிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. கியர்பாக்ஸ் என்ற வார்த்தை அந்த வரையறையில் இல்லை. முதல் கான்டெஸாக்களுக்கு ஐம்பது வயசு ஆவது 2034-இல். உங்கள் வீட்டுக் காரில் பாக்ஸை மாற்றுவதாக இருந்தால், கழற்றிய பழசை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள்.