மருந்து சுமந்த தோள்கள்

பசுமையைக் கண்டு மகிழ்வோர் பலர். அப்பசுமையைப் பேணும் கைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள செபராங் ஜெயா, பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1970களில் உருவாக்கத் தொடங்கிய புதுநகரமாகும். இங்குச் சாலையோரப் புல்லை அறுப்பவரும், மரக்கிளை கழிப்பவரும், பூங்காவில் களை போக்குபவரும் செய்யும் தொழிலுக்கு நீண்டதொரு முன்வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி தமிழர் தோள்களின் மீது எழுதப்பட்டது.

செபராங் பிறையின் பழைய ஆங்கிலப் பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய இந்நிலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்தினின்று ஒப்பந்தக் கூலிகள் கொணரப்பட்டனர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆறாப் புண்ணும் அவர்களை வாட்டின. 1890இல் நீரிணைக் குடியேற்ற அரசு தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 1910இல் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றது. கரும்பு மறைந்து இரப்பர் வந்தது. ஆயினும் நோயுற்றோருக்கு மருத்துவமனை, குடியிருப்புக்கு நல்ல நீர் என்பனவே அக்காலத்தில் நலப் பாதுகாப்பு எனக் கருதப்பட்டன. வேலையே நோயைத் தரும் என்னும் எண்ணம் தோட்டத்தின் எல்லைக்குள் நுழையவில்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றித் தம் நூலை 1700ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் மருத்துவர் கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. இரு நூற்றாண்டுகள் கடந்தும், அந்தக் கேள்வி மலாயாத் தோட்டத்தின் வெளிக்காட்டு வேலையாளை எட்டவில்லை.

இரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. ஆர்சனிக் கலந்த அந்நீர் மாடுகளையும் மாய்த்தது, மாந்தரையும் மாய்த்தது. பின்னர், 1960களில், அதனிடத்தைப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பிடித்தது. பட்ட இலை ஓரிரு நாளில் கருகிவிடும். மண்ணில் பட்டதும் அதன் வீரியம் அடங்கிவிடும். ஆதலின் தோட்ட நிருவாகத்தார்க்கு அது வரமாகத் தோன்றியது. மனித உடலுக்கோ அது சாபம். வாய்வழியாகவோ, புண்பட்ட தோலின் வழியாகவோ உட்சென்றால் நுரையீரலில் தங்கி அதனைச் சிதைக்கும். அதற்கு மாற்று மருந்து இன்றளவும் கண்டறியப்படவில்லை.

ஈண்டுத் தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நஞ்சைத் தோட்டத் தமிழர் 'மருந்து' என்றே அழைத்தனர். நஞ்சைத் தெளிப்பது 'மருந்தடித்தல்' ஆயிற்று. முதுகில் தூக்கும் கலம் 'மருந்து பம்பு' ஆயிற்று. உயிர் காப்பதற்குரிய பெயர் உயிர் போக்குவதற்கு வாய்த்தது. மருந்து என்று அழைக்கப்படும் ஒன்றைக் கண்டு அஞ்சுவோர் யார்? பம்பு ஒழுகி முதுகு நனைந்தாலும், காற்று திரும்பி முகத்தில் வீசினாலும், அது மருந்துதானே என்று பொறுத்தனர். அதே கையைத் துடைத்துவிட்டு வரப்பில் அமர்ந்து சோறுண்டனர். மூக்கில் குருதி வடிந்தது, நகம் நிறம் மாறி உதிர்ந்தது, தோல் வெடித்தது. காரணம் புரியாமலே பலர் காலம் கழித்தனர். மருந்தடிக்கும் பணி பெரும்பாலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டதால், இத்துயர் தாய்மாரின் துயராகவும் அமைந்தது.

சட்டம் எங்கே இருந்தது? 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஆலையையும் எந்திரத்தையும் நோக்கியது. வயலையும் தோட்டத்தையும் நோக்கவில்லை. 1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கோர நிகழ்ச்சி நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. மூவாண்டு கழித்து, 1994இல், தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேளாண்மைத் தொழிலையும் உள்ளூராட்சிப் பணிகளையும் தழுவிய முதற்பெருஞ்சட்டம் அதுவே எனலாம். எந்திரத்தருகே நின்றவனுக்குக் கிடைத்த காவல், மண்ணருகே நின்றவனுக்குக் கால் நூற்றாண்டு தாழ்த்தே கிடைத்தது.

பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும், ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தாவும் தோட்டப் பெண்களின் குரலை ஆய்வாக்கி 2002இல் உலகறியச் செய்தன. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கும் முடிவை அரசு அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. மீண்டும் போராட்டம், மீண்டும் காத்திருப்பு. இறுதியாக 2020 ஜனவரி முதல் நாளில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தோளில் சுமந்த சுமை அன்றுதான் சட்டப்படி இறக்கி வைக்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. தோட்டங்கள் பல வீட்டுமனைகளாக மாறின. வெளிக்காட்டு வேலை நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1976இல் அமைந்த செபராங் பிறை நகராண்மைக் கழகம், 2019இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது. பூங்காக்கள் பெருகின, குத்தகையாளரிடம் கூலிக்கு அமர்வோரும் பெருகினர். அவர்களுள் அயல்நாட்டினரும் உளர். இன்றைய இடர்கள் வேறு. புல்வெட்டும் எந்திரம் தெறிக்கும் கல் கண்ணைப் பறிக்கும். அதன் ஓசை செவியை மந்தமாக்கும். அதிர்வு விரல் நரம்பை மரக்கச் செய்யும். நண்பகல் வெயில் மயங்கி விழச் செய்யும். தேங்கிய நீர் எலிக்காய்ச்சலைத் தரும்.

2024 ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், ஐவர் பணிபுரியும் இடத்திலும் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்து நேரின் வேலையைவிட்டு விலகிச் செல்லும் உரிமையைத் தொழிலாளர்க்கு வழங்குகிறது. குத்தகைக்கு வேலை கொடுப்பவரையும் பொறுப்பாக்குகிறது. இவை நல்ல விதிகள். ஆனால், அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே. போத்தலில் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்க இயலாதவனுக்கு அஃது ஒரு வண்ணத்தாள், அவ்வளவே.

ஆகவே பாதுகாப்பின் முதற்பணி, பொருளுக்கு உரிய பெயரை இடுவதாகும். நஞ்சை நஞ்சு என்று சொல்லும் சொல்லே முதற் கவசம். கையுறையும் கண்ணாடியும் அதன் பின்னரே வரும். மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. தாயோ பாட்டியோ மருந்தடித்த நாள்களை ஒரு மாணவன் வீட்டில் கேட்டறிந்து நல்ல தமிழில் எழுதிவைப்பானாயின், ஏட்டில் ஏறாத வரலாற்றின் ஒரு பக்கம் அழியாது நிலைபெறும். அப்பக்கத்தில் 'மருந்து' என்று எழுத வந்த கை சற்றே நின்று, 'நஞ்சு' என்று எழுதுமாயின், அத்தோள்கள் சுமந்த துயருக்கு அதுவே முதல் நீதியாகும்.