இருந்து குடிக்கும் கடை

டோக்கியோவில் யூராகுச்சோ நிலையத்தை ஒட்டி, ரயில் பாலத்துச் செங்கல் வளைவுகளுக்கு அடியில் சின்னச் சின்னக் கடைகள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு நண்பர்கள் நாலு பேர் அங்கே ஓர் ‘இஸகாயா’ மதுக்கடைக்குள் நுழைந்தோம். உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே ஆளுக்கொரு சிறு கிண்ணம் வந்தது: சோயாவில் வெந்த முள்ளங்கி இரண்டு துண்டு. இதற்கு ‘ஓதோஷி’ என்று பெயர். உட்கார்ந்ததற்கான காசும் இதில் அடக்கம். பில்லில் தானாக ஏறிவிடும்.

உட்கார்வதற்குக் காசா என்று நான் கேட்க, ஜப்பானிய நண்பர் காகிதத்தில் ‘இஸகாயா’வின் மூன்று எழுத்துகளை எழுதிக் காட்டினார். இ, ஸகே, யா. யா என்றால் கடை. ஸகே என்றால் மது. கூட்டுச்சொல்லில் அது ‘ஸகா’ என்று திரியும், நம் புணர்ச்சியைப் போல. மிச்சமிருக்கும் ‘இ’தான் சொல்லின் உயிர். அதன் வினை ‘இரு’. பொருளும் இரு!

எந்தத் தமிழனுக்கும் இங்கே மயிர்க்கூச்செறியும். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பல்லாண்டுகள் வாதிட்ட சுசுமு ஓனோ நினைவுக்கு வருவார். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. இந்தச் சொல்லிலும் ஒலி ஒற்றுமை தற்செயல்தான்: ஜப்பானிய வினையில் ‘ரு’ வெறும் விகுதி, பகுதியோ பழைய மொழியில் ‘வி’ என்று ஒலித்தது. ஆனால் பொருள் நடந்த வழி ஒன்றே. அங்கே முதலில் ‘உட்கார்’, பிறகுதான் ‘இருத்தல்’. யாழ்ப்பாணத்தில் “இருங்கோ” என்றால் இன்றும் உட்காருங்கள் என்றுதானே பொருள்? நாடகத்துக்கு ஜப்பானியர் சொல்லும் ‘ஷிபாய்’ என்பதிலும் இதே ‘இ’தான். ஷிபா என்றால் புல். புல்தரையில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தவர்களின் இடம், கூத்துக்கே பெயராகிவிட்டது.

டோக்கியோ ‘எடோ’வாக இருந்த காலத்தில் அதன் மதுக்கடைகள் முதலில் அளந்து கொடுப்பதோடு சரி. குடம் கொண்டுபோய் வாங்கிவர வேண்டும். வாங்கியதை அங்கேயே குடிப்பதற்கு ‘இஸகே’ என்று பெயர் வந்தது. பிழைப்புத் தேடி வந்த தனி ஆண்கள் நிறைந்த ஊர். வீட்டில் காத்திருக்க யாருமில்லை. அந்நகரின் கண்டா பகுதியில் 1596இல் தொடங்கிய தோஷிமாயா என்ற மதுக்கடை, 18ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய தோஃபு துண்டுகளைக் குச்சியில் செருகி, மிசோ விழுது தடவிச் சுட்டு, மலிவாகக் கொடுத்தது. மதுவை அசல் விலைக்கே விற்று, காலி மரப்பீப்பாய்களை விற்றே லாபம் பார்த்தது என்பார்கள். ‘இஸகே’யோடு ‘யா’ சேர்ந்தது இப்படி அங்கேயே குடித்த கூட்டத்தால்தான். குடிக்க வந்தவர்களை விட, எழுந்து போக மனமில்லாதவர்கள் உண்டாக்கிய சொல் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று எங்களுக்கும் மனமில்லை. “தோரியயேஸு பீரு” (இப்போதைக்கு பீர்) என்று தொடங்கியவர்கள் அரிசி ஸகேவுக்கு வந்திருந்தோம். சதுர மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து, அது வழிந்து பெட்டியும் நனையும்வரை ஊற்றினார் கடைக்காரர். 180 மில்லி பிடிக்கும் அந்த ‘மாஸு’ பெட்டி, பழைய கடைகளின் அளவுபடி. இப்போது அது வழிந்ததைத் தாங்குகிறது. முதல் வாய்க்குக் குவளையைத் தூக்க முடியாது. குனிந்து உறிஞ்ச வேண்டும்.

வெளியே வந்தபோது எதிர்க் கடையில் நாற்காலியே இல்லை. ஆட்கள் தோளோடு தோள் உரச நின்றுகொண்டு குடித்தார்கள். சிவப்பு விளக்கின் மேல் எழுதியிருந்ததை நண்பர் வாசித்தார்: ‘தச்சிநோமி இஸகாயா’. நின்று குடிக்கும், இருந்து குடிக்கும் கடை.