முத்தும் கருவாடும்

உணவை வீணாக்காதீர்கள் என்ற உபதேசம் எப்போதும் அடுப்படியைப் பார்த்தே சொல்லப்படுகிறது. 1965-ல் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும்படி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். 2024-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக எறியப்பட்ட உணவு 105 கோடி டன். அதில் அறுபது சதவீதம் வீடுகளிலிருந்து. இந்திய வீடுகளில் ஆண்டுக்குத் தலைக்கு 55 கிலோ. உலகச் சராசரி 79. வீட்டை ஒரு தனித்தீவாகப் பாவித்து, அங்கே நடப்பதற்கான காரணத்தையும் அங்கேயே தேடும் மனோபாவம் இந்த எண்களைச் சுற்றி உடனே வளர்ந்துவிடுகிறது. அந்த மனோபாவத்தோடுதான் எனக்குத் தகராறு. தூத்துக்குடிக் கரையின் சரித்திரம் வேறொன்றைச் சொல்கிறது.

இந்தக் கரையில் ஒரே கடலிலிருந்து இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று முத்து. மற்றது மீன். சங்கப் பாட்டுக்களில் இரண்டும் உண்டு என்றாலும் இடம்பெறும் விதம் வேறு. கொற்கை முத்து பெரும்பாலும் உவமையாக வருகிறது. பெண்ணின் பல்லுக்கு ஒப்பாக. உணங்கும் மீனோ வேலையாக வருகிறது. நற்றிணையில் ஒரு தோழி, தேரில் வந்து நிற்கும் செல்வனிடம், நாங்கள் மீன் உணங்கலுக்குக் காவலிருந்து பறவை விரட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அழகுணர்ச்சிக்கு முத்தும் ஜீவனத்துக்குக் கருவாடும் என்ற பிரிவினை அப்போதே ஏற்பட்டுவிட்டது. உரைகாரர்களிலிருந்து இன்றைய ரசிகர்கள் வரை நாம் முதலாவதையே எடுத்து மேற்கோள் காட்டிவந்திருக்கிறோம்.

முத்து எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தால் உவமை சற்றுக் கூசிப்போகும். கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டிக்கப்பட்ட குற்றவாளிகள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் சொல்கிறது. பிறகு பரதவர், போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று சலாபத்தின் எஜமானர்கள் மாறினார்கள். செய்முறை பெரிதாக மாறவில்லை. பார்களிலிருந்து எடுத்த சிப்பிகளைக் கரையில் வேலியடைத்த கொட்டுகளில் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதையைப் புழுவே தின்று தீர்க்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பிறகு வள்ளத்தில் போட்டுக் கடல்நீரில் அலசி, ஓட்டை எறிந்து, அடியில் தங்கும் வண்டலைத் துணியில் காயவைத்துத் துழாவுவார்கள். கிடைத்ததைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். நாற்றம் வெகுதூரம் எட்டும். காலரா வந்து முகாம் கலைந்த வருஷங்களும் உண்டு.

1905-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம், மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன குளியாளிகளும் அரபுக் குளியாளிகளும் அங்கே மூழ்கினார்கள். சர்க்காருக்குப் பெரும் வருமானம். எட்டுக் கோடிச் சிப்பியின் சதை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது புழுவுக்குப் போனது. வங்கியில் பேரேடு எழுதிப் பழகியவனுக்கு இது புரியும். பத்தி ஒதுக்கப்படாத பொருளுக்கு நஷ்டமும் கிடையாது.

இதே கரையில் சங்குக்கு நேர்ந்தது வேறு. ஓடு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போயிற்று. சதையை அவித்துக் காயவைத்துக் குளியாளிகள் தின்றார்கள். வாயை மூடும் நகம்கூடத் தூபத்துக்கு விலைபோனது. ஏழைகளின் கை பட்ட இடத்தில் பண்டம் முழுசாகச் செலவாகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

அடுப்படிச் சாட்சிகள் இன்னும் நெருக்கமானவை. மீனின் தலை குழம்புக்கு, கழுவிய தண்ணீர் வாழைத்தூருக்கு, மிஞ்சிய குழம்பு மறுநாள் சட்டியோடு சோறு போட்டுப் பிசைவதற்கு. வடித்த கஞ்சி மொடமொடப்புக்கு, கழுநீர் மாட்டுத்தொட்டிக்கு. தண்ணீர் ஊற்றிய சோறு விடிந்தால் பழையது, அதன் நீர் நீராகாரம். பொங்கல் கழிந்த மறுநாள் திருநெல்வேலிச் சீமையில் மிஞ்சின கறிகளெல்லாம் ஒரே சட்டியில் சுண்டிப் பழங்கறியாகும். மாலத்தீவிலிருந்து தோணியில் வந்திறங்கிய மாசி, சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திக் கட்டையாக்கியது. அங்கே அவித்த தண்ணீரையும் கொட்டுவதில்லை; வற்றக் காய்ச்சிக் குழைவாக எடுத்துவைப்பார்கள். அந்தத் தீவுகளின் உலர்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் போவதைப் பதினாலாம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் பாட்டிமார் புகழ்ச்சியாக முடிந்துவிடும். பாட்டியின் சாமர்த்தியத்துக்கு வெளியே ஒரு சட்டம் இருந்தது: உப்புச் சட்டம்.

மீனை முறையாகப் பதப்படுத்த நாலைந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பாவது வேண்டும். 1888 முதல் 1903 வரை உப்பின் மேல் வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய். மணங்கு என்பது சுமார் 37 கிலோ. உப்பின் உற்பத்திச் செலவு சில அணாக்களே. மலிவான மீனுக்கு அதைவிட விலை கூடின உப்பைப் போட எவராலும் முடியாது. உவர்மண்ணைச் சுரண்டி எடுத்தாலோ 1889-ம் வருஷத்து மதராஸ் உப்புச் சட்டப்படி குற்றம். உப்பளம் கண்ணுக்கெட்டின தூரத்தில் வெள்ளையாய்க் குவிந்து கிடக்க, பரதவப் பெண் மீனை வெறும் மணலில் காயப்போட்டாள்; பாதி கெட்டது. உப்பு வரி மீன்பிடிப்பையே நசுக்குகிறது என்று பிரான்சிஸ் டே தம் 1873 அறிக்கையில் எடுத்துச் சொன்னார். ராஜதானியின் கரையோரங்களில் சர்க்கார் மீன் உப்பிடும் கிடங்குகள் வந்தன. வரியில்லாத உப்பு உண்டு. ஆனால் மீனைக் கிடங்குக்குக் கொண்டுபோய், வேலிக்குள்ளே, உப்பு இலாகாச் சிப்பந்தியின் கண்ணெதிரில்தான் உப்பிட வேண்டும். பதப்படுத்தும் காரியம் வீட்டு முற்றத்திலிருந்து பிடுங்கப்பட்டுக் காவலுக்குள் போயிற்று. சர் பிரடெரிக் நிக்கல்சன் 1905-க்குப் பிறகு மதராஸ் மீன்துறையைத் தொடங்கியபோது அவர் முன்னிருந்த முக்கியமான பிரச்னைகளில் ஒன்று, பிடித்த மீன் தின்னும் வாய்க்குக் கெடாமல் போய்ச்சேருவது எப்படி என்பது. வரி ஒழிந்தது 1947-ல்.

ஆக, அந்த மணலில் கெட்டுப்போன மீனுக்குப் பொறுப்பு யார்? சிக்கனம் தெரியாத பெண் அல்ல. எட்டுக் கோடிச் சிப்பியை அழுகவிட்ட அதே சாம்ராஜ்யம் அவள் ஒரு பிடி உப்புமண் எடுப்பதைக் குற்றமாக வைத்திருந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எதுவும் வீணாகாத வீடு என்று நாம் உருகும் வீட்டில் மிச்சத்தைத் தின்றது யார்? கடைசியில் உட்கார்ந்த பெண்கள். கொல்லைப்புறத்தில் ஏனம் ஏந்தி நின்ற வேலையாட்கள். வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாததற்கு ஒரு காரணம், குப்பைக்கு முந்தின ஸ்தானத்தில் மனிதர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது. பழையதின் குளிர்ச்சியைப் பாடும் நமது எழுத்தாளர்கள் அது யாருக்கு விருப்பமாகவும் யாருக்கு விதியாகவும் இருந்தது என்று கேட்டிருந்தால் நமக்கு இன்னும் சில நல்ல கதைகள் கிடைத்திருக்கும். அந்தப் பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து 55 கிலோவைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய சலாபம் நடக்கவில்லை, பார்கள் வறண்டன. ஆனால் சலாபத்தின் கண் ஓய்வுபெறவில்லை என்றே தோன்றுகிறது. விசைப்படகும் ஐஸும் ஏற்றுமதியும் வந்தபின் மடி வலை இறாலுக்காக இழுக்கப்பட்டது. கூடவே வந்த சிறுமீன் கழிசல் என்று பெயர் பெற்றுக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. அதே கண் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. துண்டு மீன் வாங்குகிறோம். தலை கடையிலேயே நின்றுவிடுகிறது. முள்ளில்லாத சதை, தோலில்லாத கறி, காம்பில்லாத கீரை. வேண்டிய ஒன்றைப் பொறுக்கி எடுத்து மற்றதை அழுகவிடுவது கொட்டில் நடந்த காரியம். இப்போது குளிர்ப்பெட்டியில் நடக்கிறது: மிச்சத்தை டப்பாவில் மூடி உள்ளே வைத்துவிட்டு நாலு நாள் கழித்து மனசாட்சி உறுத்தாமல் எறிகிறோம். நாற்றம் மட்டும் இல்லை.

வீட்டில் உணவு வீணாவதைக் குறைக்க வழிகள் தெரியாதவர்கள் நாம் அல்ல. அளந்து உலை வைப்பது, இருப்பதைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போவது, மிச்சத்தை மறுவேளைக்கு மாற்றிச் சமைப்பது - இவை இந்தக் கரையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியவை அல்ல. குறைவது இரண்டு. ஒன்று, மிச்சத்தைத் தின்பது தாழ்ச்சி என்ற பழைய அவமானத்தைக் கழற்றி, வீட்டிலுள்ள ஆண்பிள்ளையும் அந்தச் சட்டியிலேயே கை வைப்பது. இரண்டாவது, எதற்குப் பத்தி ஒதுக்கி எழுதுகிறோம் என்பது. நமது சரித்திரக்காரர்கள் இதுவரை முத்தை எண்ணியிருக்கிறார்கள். சதையை எண்ணத் தொடங்கினால் மதுரைக்குப் போன முத்தின் கதையும், அடுப்படியில் சுண்டின பழங்கறியின் கதையும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள் என்று தெரியவரும்.